உறவுக்குறிப்பு: கண்டிப் பங்கு முதல் விக்கித்தரவு வரை

இரண்டு பொருள்களை இணைக்கும் உறவின் மேலேயே ஏற்றிவைக்கும் தகவல் உறவுக்குறிப்பு. 'கண்ணுசாமி கண்டியின் அரசன்' என்று கணினிக்குச் சொன்னால், ஓர் ஆளையும் ஓர் அரசையும் அது ஒரு கோட்டால் இணைத்துக்கொள்ளும். எந்த ஆண்டிலிருந்து, எதுவரை, யார் சொல்லி என்ற விவரங்கள் ஆளுக்கும் உரியவை அல்ல, அரசுக்கும் உரியவை அல்ல. நடுவே ஓடும் கோட்டுக்கு உரியவை. அவற்றை எழுத இடம் தேடிய கதையே அறிவு மாதிரியாக்க வரலாற்றில் பாதி.

கண்டியிலிருந்து மகியங்கனை போகும் வீதி திகனயையும் தெல்தெனியவையும் தாண்டி மெதமகாநுவர மலைகளுக்கு ஏறுகிறது. மதுரை நாயக்கர் வழியில் வந்த கண்ணுசாமி 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடினார்; 1815 பெப்ரவரி 18இல் தும்பறை எனப்படும் இந்த மலைப்பகுதியில்தான் பிடிபட்டார். அவரை அரியணையிலிருந்து நீக்கிய கண்டி ஒப்பந்தம் மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தானது. அப்படியானால் ஆட்சி முடிந்த நாள் எது? பிடிபட்ட நாளையும் சொல்லலாம், ஒப்பந்த நாளையும் சொல்லலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஒரே ஒரு கட்டம் மட்டும் உள்ள அட்டவணையில் இரண்டில் ஒன்றை அழித்தாக வேண்டும்.

தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலை வினைச்சொல்லின் பக்கமிருந்து பார்த்திருக்கிறது. தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழில் நிகழ்வதற்குரிய முதனிலைகளை எட்டாக எண்ணுகிறது: வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன். குயவர் குடம் வனைந்தார் என்றால் குயவரும் குடமும் மட்டும் கதையில் இல்லை. எங்கே, எப்போது, எதைக் கொண்டு, யாருக்காக, என்ன பயன் கருதி என்பவையும் அந்த வனைதலோடு சேர்ந்தவை. வழக்கில் இவற்றுள் சில குறைந்தும் வரும் என்றும் அதே இயல் இடங்கொடுக்கிறது. இன்றைய தரவு வல்லுநர் 'கட்டாயமல்லாத புலம்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதையே.

கண்டி இராச்சியத்தில் இந்தக் கேள்வி நிலத்தில் இறங்கி நின்றது. அங்கே ஒருவர் நிலம் வைத்திருந்தார் என்றால், அந்த நிலத்துக்காக ஒரு சேவை செய்யக் கடமைப்பட்டிருந்தார் என்று பொருள். மன்னருக்கான சேவை இராஜகாரிய. விகாரை, தேவாலய நிலங்களுக்கும் பிரபுக்களின் நிந்தகம நிலங்களுக்கும் அதைப் போன்ற சேவைகள் இருந்தன. ஆளும் நிலமும் என்று இரண்டு பெயரை மட்டும் எழுதிவைத்தால் யாருக்கும் உதவாது. ஆகவே அரச ஏடுகளான லேகம் மிட்டிகள் நிலத்தோடு கடமையையும் சேர்த்தே பதிந்தன.

பிரித்தானியர் 1832இல் இராஜகாரியவை ஒழித்தபோதும் கோவில் நிலங்களும் நிந்தகம நிலங்களும் அந்த விடுதலைக்கு வெளியே நின்றன. அவற்றுக்காக வந்தது 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன்படி ஆணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு 'பங்குவ'வையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அது பரம்பரை உரிமையுள்ள பிரவேணியா, உரிமையாளர் விரும்பும்வரை மட்டும் நீடிக்கும் மாருவெனவா? உரிமையாளர் யார், அனுபவிப்பவர் யார்? என்ன சேவை, எவ்வளவு? அந்தச் சேவைக்குப் பதிலாக ஆண்டுக்கு எவ்வளவு பணம் கட்டலாம்? தமிழின் 'பங்கு'தான் சிங்களத்தில் 'பங்குவ'. ஆளின் பெயரையோ நிலத்தின் பெயரையோ தலைப்பாக்காமல், இரண்டுக்கும் நடுவிலான உறவுக்கே ஒரு பெயரும் பதிவும் கொடுத்ததுதான் இந்தப் பதிவேட்டின் அருமை. கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கண்டியில் செய்யப்பட்ட நேர்த்தியான தரவு மாதிரி இது என்று சொல்வதில் மிகையில்லை. கண்டியின் எசல பெரஹர ஊர்வலத்தில் மேளம் அடிக்கவும் தீப்பந்தம் ஏந்தவும் வரும் குடும்பங்கள் பலவற்றின் பின்னால் இப்படியொரு பங்கு இருக்கிறது.

மேற்கில் தர்க்கவியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸ், ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைக் கொடுப்பது போன்ற மூவுறுப்பு உறவை இரண்டிரண்டு உறுப்புகளாகப் பிரித்தால் கொடுத்தல் என்பதே காணாமற்போகும் என்று வாதிட்டார். 1967இல் மெய்யியலாளர் டொனால்ட் டேவிட்சன், செயலையே ஒரு பொருளாக எண்ணினால் இடமும் காலமும் அதில் வேண்டிய அளவு தொங்கவிடலாம் என்று காட்டினார். தரவுத்தளத் துறைக்குள் இதைக் கொண்டுவந்தவர் பீட்டர் சென். 1976இல் அவர் வெளியிட்ட உருபொருள்-உறவு மாதிரியில் உறவு ஒரு சாய்சதுரம். அதற்கும் பண்புகள் உண்டு. ஊழியர் ஒரு திட்டத்தில் தன் நேரத்தில் எத்தனை விழுக்காட்டைச் செலவிடுகிறார் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு.

இணையத்துக்காக 1999இல் வந்த ஆர்டிஎஃப் தரம் அறிவு முழுவதையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற மூன்று சொற்களில் அடக்கியது. எளிமை அழகானதுதான், ஆண்டு எழுதத்தான் இடமில்லை. அதற்கு அந்தத் தரமே சொன்ன வழி, கூற்றைப் பற்றி மேலும் நான்கு கூற்றுகள் எழுதுவது: இது ஒரு கூற்று, இதன் எழுவாய் கண்ணுசாமி, பயனிலை 'அரசன்', செயப்படுபொருள் கண்டி. இவ்வளவுக்கும் பிறகே '1798 முதல்' என்று சேர்க்க முடியும். இந்த நான்கையும் எழுதிவிட்டதாலேயே கண்ணுசாமி கண்டியின் அரசன் என்று கணினி ஒப்புக்கொள்வதில்லை. மூலக் கூற்றைத் தனியாகவும் எழுத வேண்டும். அந்நாளைய மென்பொருளாளர் பலர் இடறி விழுந்த இடம் இது.

நட்டாஷா நோய், ஆலன் ரெக்டர் இருவரும் தொகுத்து 2006இல் வெளிவந்த, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் குறிப்பு, உறவையே தனிக் கணுவாக்கும் முறையை விளக்கியது. 'ஆட்சி' என்றொரு கணுவை உண்டாக்கி, அதிலிருந்து அரசன், அரசு, தொடக்கம், முடிவு என்று கோடு இழுப்பது அந்த முறை. கண்டிப் பதிவேட்டின் பங்குவ செய்த வேலையும் இதுவே.

நியோ4ஜே போன்ற பண்பு வரைபடத் தரவுத்தளங்கள் அம்புக்குறியின் மேலேயே ஆண்டையும் அளவையும் எழுதவிட்டன. கற்பதற்கு எளிது என்பதால் தொழில்துறையில் பரவின. அவற்றுக்கான வினவல் மொழியான ஜிக்யூஎல் 2024இல் ஐஎஸ்ஓ தரமானது. ஆனால் அம்பின் மேல் எழுதிய ஆதாரத்திலிருந்து, அந்த ஆதாரத்தின் ஆசிரியருக்கு இன்னோர் அம்பு இழுக்க அங்கே வழியில்லை. 2014இல் ஓலாஃப் ஹார்ட்டிக்கும் பிரையன் தாம்ப்சனும் முன்வைத்த ஆர்டிஎஃப்-ஸ்டார் வேறு பாதை பிடித்தது. மூன்று சொல் கூற்றை இரட்டைக் கோண அடைப்புக்குள் இட்டு, அதையே இன்னொரு கூற்றின் எழுவாயாக்கியது.

2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தில் ஒரு கூற்றோடு வரையறுக்கும் குறிப்புகளும் மேற்கோள்களும் தரநிலையும் சேர்ந்தே வருகின்றன. கண்ணுசாமி பிடிபட்ட நாள், ஒப்பந்த நாள் இரண்டையும் தத்தம் ஆதாரத்தோடு அருகருகே வைக்கலாம். தவறென்று நிறுவப்பட்ட கூற்றைக்கூட அழிக்காமல், கைவிடப்பட்டது என்று குறித்துக் காரணத்தோடு வைத்திருக்கலாம்.

மூலம் இல்லாத கூற்று என்ன செய்யும் என்பதைத் திகன மக்கள் அறிவார்கள். 2018 பெப்ரவரி இறுதியில், அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்ற பேச்சு ஒரு காணொளியோடு கைபேசிக்குக் கைபேசி பரவியது. தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3இல் இறந்தார். 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. மறுநாள் நாடெங்கும் அவசரகால நிலை. அம்பாறை உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அந்தப் பேச்சு ஊர் ஊராய்ப் போனபோது, சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்ற இரண்டு விவரங்கள் அதனோடு போகவில்லை. தன் தளம் இதில் வகித்த பங்குக்காக 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

தெல்தெனியவுக்கே இரண்டு இருப்பிடங்கள் உண்டு. 122 மீட்டர் உயர விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது; பழைய நகரம் அதன் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மேட்டில் எழுந்த புதிய நகரத்துக்கும் அதே பெயர். பழைய நிலப்படத்தின் தெல்தெனியவை இன்றைய படத்தில் தேடுபவர் நீர்ப்பரப்பையே காண்பார். தரவுத்தளத்தில் அந்தப் பெயரிலிருந்து இரண்டு அமைவிடங்களுக்குக் கோடு போகிறது. பழையதன் மேல் ஒரு முடிவுத் திகதியும், புதியதன் மேல் ஒரு தொடக்கத் திகதியும் ஏற வேண்டும்.