நிற்கத் தெரிந்த கதிர்

1945 ஆகஸ்ட். ஹிரோஷிமா பொசுங்கியது. அந்தக் குண்டு உருவான லாஸ் அலமாஸில் சைக்ளோட்ரான் குழுவின் தலைவராக இருந்தவர் ராபர்ட் வில்சன். அடுத்த வருஷமே ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் அணுத்துகள் பற்றித்தான். ஆனால் இந்த முறை ஆளைப் பிழைக்க வைக்க!

விஷயம் இதுதான். எக்ஸ்ரே உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். வழியில் இருப்பதற்கெல்லாம் அடி. புரோட்டான் அப்படியில்லை. குறிப்பிட்ட ஆழம் வரை போகும், சக்தியை அங்கே கொட்டும், நின்றுவிடும்.

மண்டையோட்டின் அடியிலும் முதுகெலும்பின் அடிநுனியிலும் 'கார்டோமா' என்றொரு எலும்புப் புற்று வரும். பக்கத்திலேயே மூளைத்தண்டு, நரம்புகள். கத்தியால் முழுசாக வழித்தெடுப்பது கஷ்டம். மிச்சத்தைப் பொசுக்க நிறைய டோஸ் வேண்டும். எக்ஸ்ரேயில் கொடுத்தால் நரம்பும் சேர்ந்து போச்சு!

1954-ல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை. 1970-களில் பாஸ்டன் டாக்டர்கள் ஹார்வர்டின் சைக்ளோட்ரானை வைத்து கார்டோமாவை எதிர்கொண்டார்கள்.

இந்தியாவின் முதல் மையம்? 2019 ஜனவரியில், சென்னை தரமணியில், அப்போலோவில். வில்சன் எழுதி 73 வருஷம் கழித்து. பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் வண்டி ஏறினால் மூன்று மணி நேரம்தான். தூரம் பிரச்னையில்லை, பில்தான் பிரச்னை. பல லட்சம்.

1974-ல் போக்ரானில் குண்டு வெடித்தது நம் அணுசக்தித் துறை. அதே துறையின் கீழ் இருக்கும் டாடா மெமோரியல், 2023-ல் நவி மும்பையில் புரோட்டான் சிகிச்சையைத் தொடங்கியது. பணமில்லாதவர்களுக்கும் அங்கே இடமுண்டு.