வீட்டுக் கணினியும் தொலைக்காட்சித் திரையும்: இரைச்சல், குறுக்கீடு பற்றிய வரலாறு

கணினிக்கெனத் தனித் திரை வாங்குவது வழக்கமாவதற்கு முன்பு, வரவேற்பறையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டியே பல வீடுகளில் கணினித் திரையாகவும் பயன்பட்டது. அந்த இணைப்பில் இரண்டு சிக்கல்கள் தொடர்ந்து வந்தன. ஒன்று, கணினியின் படத்தில் கோடுகளும் புள்ளிகளும் மங்கலும் தோன்றுவது. மற்றொன்று, கணினியிலிருந்து வெளியேறும் மின்காந்த அலைகள் அண்டை வீட்டாரின் தொலைக்காட்சியைக் கெடுப்பது. முதலாவதை இரைச்சல் என்றும் இரண்டாவதைக் குறுக்கீடு என்றும் கூறலாம். இவற்றைக் களைய எடுத்த முயற்சிகள் வீட்டுக் கணினியின் வடிவத்தையும் விலையையும் மாற்றின.

ஆண்டெனா துளை வழியே கணினி

1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாக்னவாக்ஸ் ஒடிசி, தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் முதல் வீட்டு விளையாட்டுக் கருவி ஆகும். 1973 செப்டம்பரில் டான் லங்காஸ்டர் ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் இதழில் 'டிவி டைப்ரைட்டர்' என்ற கருவியின் வடிவமைப்பை வெளியிட்டார். சாதாரணத் தொலைக்காட்சியில் எழுத்துகளைக் காட்ட முடியும் என்பதை ஆர்வலர்கள் அதன் மூலம் அறிந்தனர்.

அக்காலத் தொலைக்காட்சிகள் பெரும்பாலானவற்றில் ஆண்டெனா துளையைத் தவிர வேறு நுழைவாய் இல்லை. ஆகவே கணினியின் படச் சைகையை ஓர் ஒளிபரப்பு அலையின் மீது ஏற்றி, நிலையத்திலிருந்து வருவது போலவே பெட்டிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. இதைச் செய்யும் சிறு மின்சுற்று ஆர்.எஃப். மாடுலேட்டர் எனப்பட்டது. அமெரிக்காவில் 3 அல்லது 4ஆம் சேனலில், அந்த ஊரில் ஒளிபரப்பு இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டனில் 1982இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் யு.எச்.எஃப். 36ஆம் சேனலைப் பயன்படுத்தியது.

இந்தச் சுற்றுவழியில் படத்தின் தரம் குறைந்தது. வண்ணமும் வெளிச்சமும் ஒரே சைகையில் கலந்து செல்வதால், நெருக்கமான எழுத்துக் கோடுகளை வண்ணம் எனத் தொலைக்காட்சி தவறாகப் புரிந்துகொண்டது. எழுத்தின் விளிம்பில் நிறப் பூச்சுத் தெரிந்தது. ஆப்பிள் 2, கொமடோர் 64 ஆகியவை வரிக்கு 40 எழுத்துகளும், ஸ்பெக்ட்ரம் 32 எழுத்துகளும் காட்டியதற்குத் தொலைக்காட்சியின் இந்த வரம்பு ஒரு முக்கியக் காரணம். ஸ்டீவ் வாஸ்னியாக் இக்குறையையே பயன்படுத்தி, மிகக் குறைந்த உறுப்புகளைக் கொண்டு ஆப்பிள் 2இல் வண்ணப் படங்களை உருவாக்கினார்.

குறுக்கீடு எழுந்த விதம்

கணினியின் கடிகாரத் துடிப்பு சதுர அலையை ஒத்தது. இத்தகைய அலை தன் அதிர்வெண்ணில் மட்டும் நிற்பதில்லை. அதன் மடங்குகளிலும் ஆற்றலை வெளியிடுகிறது. ஆப்பிள் 2இன் மூல அதிர்வி ஏறத்தாழ 14.318 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. இதன் ஐந்தாம் மடங்கு 71.59 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவின் 4ஆம் சேனல் 66 முதல் 72 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்திருந்ததால், அம்மடங்கு நேராக அதனுள் விழுகிறது. கணினியுடன் இணைத்த நீண்ட கம்பிகள் ஆண்டெனா போலச் செயல்பட்டு இவ்வலைகளைப் பரப்பின.

விதிகளும் கணினிகளின் வடிவமும்

அமெரிக்காவில் அலைபரப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். தொலைக்காட்சியுடன் நேரடியாக இணையும் கருவிகளுக்கு அது கடுமையான அலைக்கசிவு வரம்பு விதித்திருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு வகையில் எதிர்கொண்டது.

ஆப்பிள் நிறுவனம் 1977இல் ஆப்பிள் 2ஐ மாடுலேட்டர் இல்லாமலே விற்றது. எம் அண்டு ஆர் எலக்ட்ரானிக்ஸ் என்ற தனி நிறுவனம் 'சூப்பர்மாட்' என்ற பெயரில் மாடுலேட்டரை விற்றது. கணினியும் மாடுலேட்டரும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் ஆப்பிள் கணினி அந்த விதியின் பிடியில் சிக்கவில்லை. எட்டு விரிவாக்கத் துளைகளும் நிலைத்தன.

அட்டாரி நிறுவனம் 400, 800 ஆகிய கணினிகளில் மாடுலேட்டரை உள்ளேயே வைத்தது. அதனால் மின்சுற்றைத் தடித்த அலுமினிய வார்ப்புக் கவசத்தால் மூட வேண்டியிருந்தது. ஆப்பிளைப் போன்ற திறந்த துளைகளுக்கு இடமில்லாமல், துணைக் கருவிகளை ஒரே தொடர்க் கம்பியில் இணைக்கும் முறையை அது உருவாக்கியது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1979இல் டி.ஐ.-99/4 கணினியைத் தனித் திரையுடன் 1,150 டாலருக்கு விற்றது. 1981இல் வந்த டி.ஐ.-99/4ஏ, தொலைக்காட்சியுடன் இணையும் மாடுலேட்டருடன் 525 டாலருக்குக் கிடைத்தது. தொலைக்காட்சியைத் திரையாகக் கொள்ள முடிவது, கணினி ஒரு குடும்பத்திற்குக் கிட்டுமா என்பதையே தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமாக இருந்தது.

1979இல் ஆணையம் கணினிகளுக்கெனப் புதிய விதிகளை ஏற்றது. அலுவலகக் கருவிகள் 'ஏ' வகுப்பு என்றும், வீட்டுக் கருவிகள் கூடுதல் கட்டுப்பாடுடைய 'பி' வகுப்பு என்றும் பிரிக்கப்பட்டன. கவசம் குறைந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 1 இவ்விதிகளுக்கு உட்பட முடியாமல் 1981 தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

திரையில் தெரியும் அறிகுறிகள்

இரைச்சலின் தோற்றத்தைக் கொண்டே அதன் காரணத்தை ஊகிக்கலாம்.

பனி போன்ற புள்ளிகள்: சைகை வலுவற்றிருப்பதையோ இணைப்பி தளர்ந்திருப்பதையோ குறிக்கும்.

சாய்ந்த நெருக்கமான கோடுகள்: வேறோர் அலை படச் சைகையுடன் கலப்பதைக் குறிக்கும்.

எழுத்தின் வலப்பக்கம் நிழல்: சைகை கம்பியின் முனையில் எதிரொலிப்பதால் வருவது. தரமற்ற நீண்ட கம்பிகளில் இது மிகுதி.

மெதுவாக நகரும் அகன்ற கிடைப்பட்டை: மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலை படத்தில் கலப்பதால் தோன்றுவது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் புல வீதம் நொடிக்கு 59.94, மின்சாரமோ 60 ஹெர்ட்ஸ். இந்தச் சிறு வேறுபாட்டால் பட்டை திரையை ஒருமுறை கடக்க ஏறக்குறைய 17 நொடி ஆகும்.

எர்த் சுற்று

கிடைப்பட்டைக்குப் பெரும்பாலும் எர்த் சுற்றே காரணம். கணினி வீட்டு மின்துளை வழியாக எர்த் செய்யப்பட்டிருக்கும். தொலைக்காட்சியோ கேபிள் அல்லது ஆண்டெனாக் கம்பியின் உறை வழியாக வேறோர் இடத்தில் எர்த் செய்யப்பட்டிருக்கலாம். இவ்விரு இடங்களின் மின்னழுத்தம் சற்று வேறுபட்டாலும் இணைப்புக் கம்பியின் உறையில் மின்னோட்டம் பாயும். படச் சைகையின் முழு வீச்சே 1 வோல்ட்தான். ஆகவே மிகச் சிறிய கலப்பும் கண்ணுக்குத் தெரியும்.

இதைக் கண்டறிய எளிய சோதனைகள் உண்டு. கேபிள் கம்பியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றியதும் பட்டை மறைந்தால், சுற்று அவ்வழியே அமைந்துள்ளது. மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பார்க்கலாம். இரு கருவிகளையும் ஒரே மின்துளைப் பலகையில் இணைப்பதும், கேபிள் கம்பியில் தனிப்படுத்தி பொருத்துவதும் தீர்வுகள். இரைச்சலை நீக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கம் ஆபத்தானது. கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் அதன் உலோக உடலைத் தொடுபவரின் உயிர் போகலாம்.

எண்முறை இணைப்பு

ஆண்டெனா துளையைத் தவிர்ப்பதே தரத்தை உயர்த்தும் வழி என்பது விரைவில் தெளிவானது. பிரான்சில் உருவான ஸ்கார்ட் இணைப்பி சிவப்பு, பச்சை, நீலச் சைகைகளைத் தனித்தனியே கொண்டுசென்றது. 1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையும் அவ்வாறே செய்தது. எனினும் இவை ஒப்புமைச் சைகைகள் என்பதால் எர்த் சுற்றும் நிழலும் முழுமையாக ஒழியவில்லை.

1999இல் டி.வி.ஐ., 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. ஆகிய தரங்கள் வெளிவந்தன. எண்முறையில் சிறிய இரைச்சல் படத்தைத் தொடுவதில்லை. வரம்பு மீறும்போது மட்டும் மின்னும் புள்ளிகள் தோன்றும். அல்லது திரை விட்டுவிட்டுக் கறுத்துப்போகும். அப்போது குறுகிய, தரமான கம்பிக்கு மாறுவதே முதல் தீர்வு. ஒலிப்பெருக்கிக்கு ஒப்புமைக் கம்பி சென்றால், எர்த் சுற்றின் ரீங்காரம் இன்றும் கேட்கும்.

படக் கம்பிகளின் முனையில் காணப்படும் தடித்த உருளைக்குள் ஃபெரைட் வளையம் உள்ளது. அது உயர் அதிர்வெண் கசிவைத் தடுக்கிறது. அமெரிக்கச் சந்தைக்கான பல கணினிகளில், கருவி தீங்கான குறுக்கீட்டை ஏற்படுத்தக் கூடாது என்றும், தன்னை அடையும் குறுக்கீட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இரு நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியைக் காக்க வகுத்த பழைய விதிகளின் தொடர்ச்சியே அவ்வாசகம்.