ஜூன் 2, ஜூன் 3

ஜூன் 2 வந்தால் எங்கள் தேவதானப்பட்டியில் நான் போகும் டீக்கடையில் விடியற்காலையிலேயே ராஜா பாட்டு ஆரம்பித்துவிடும். மற்ற நாட்களிலும் அங்கே அதுதான் ஓடும் என்பது வேறு விஷயம். பண்ணைப்புரம் உத்தமபாளையம் பக்கம், நாங்கள் பெரியகுளம் தாலுகா. இருந்தாலும் அவர் எங்களுக்கு 'நம்ம ஊர்க்காரர்'தான்.

ஆனால் இளையராஜா பிறந்தது 1943 ஜூன் 3. அது கலைஞரின் பிறந்தநாளும்கூட (1924, திருக்குவளை). 'இசைஞானி' என்ற பட்டத்தைக் கொடுத்தவர் கலைஞர். அந்த நாள் அவருக்கே இருக்கட்டும் என்று ராஜா தன் பிறந்தநாளை ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார். பேரையும் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. பெற்றோர் வைத்தது ஞானதேசிகன், பள்ளிக்கூடத்தில் ராஜையா, தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' எடுத்த பஞ்சு அருணாசலம் வைத்தது இளையராஜா. ஆபீசில் பணிப்பதிவேடு பார்த்தவன் நான். இப்படி ஒரு ஃபைல் என் மேசைக்கு வந்திருந்தால் தலை சுற்றியிருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. மேல்நாட்டு ராக் இசைக்காரர்களில் ஜூன் 3-இல் பிறந்தவர் சூசி குவாட்ரோ (1950). பெண்கள் பேஸ் கிடாரை அதிகம் தொடாத காலத்தில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறியவர். ராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டவர்களுக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும். ஒரு நாள் முன்னால் வந்ததில் ராஜாவுக்கு இன்னொரு கூட்டாளி கிடைத்தார்: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ், 1941 ஜூன் 2. 1963 தொடக்கத்தில் அந்தக் குழுவில் சேர்ந்தவர், 2021 ஆகஸ்டில் சாகும்வரை அதிலேயே இருந்தார். மனசெல்லாம் ஜாஸ் மேல், பிழைப்பு ராக்கில். ஆர்ப்பாட்டமே கிடையாது. நல்ல கிளார்க் மாதிரி மனிதர்.

அதே ஜூன் 2-இல் 1956-இல் மதுரையில் பிறந்தவர் மணிரத்னம். 'பல்லவி அனுபல்லவி' தொடங்கி 'தளபதி' வரை முதல் பத்துப் படத்துக்கும் ராஜாதான் இசை. 1992-இல் 'ரோஜா'வுக்கு ரஹ்மான் வந்தார். அதன்பிறகு இந்த இரண்டு பேரும் சேரவே இல்லை. பிறந்தநாள் ஒன்றானால் வழியும் ஒன்றாகுமா என்ன?

ஒன்றாகவே போனவர்களும் உண்டு. கண்ணதாசன் 1927 ஜூன் 24, எம்.எஸ்.விஸ்வநாதன் 1928 ஜூன் 24. சிறுகூடல்பட்டிக்கும் பாலக்காட்டு எலப்புள்ளிக்கும் என்ன சம்பந்தம்? சரியாக ஒரு வருஷ இடைவெளியில் பிறந்து, நம் தலைமுறையின் காதல், துக்கம், தத்துவம் எல்லாவற்றுக்கும் பாட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். 1981-இல் சிகாகோவில் கவிஞர் காலமானார். அவர் கடைசியாக எழுதிய சினிமாப் பாட்டு 'மூன்றாம் பிறை'யில் வந்தது, அதற்கு இசை நம் பண்ணைப்புரத்துக்காரர்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் ஜானி ஹாலிடே இசைத்தட்டு வைத்திருந்தவன்தான் ராஜா. பிரான்சுக்கு ராக் இசையைக் கொண்டுபோன அந்த ஜானியும் 1943 ஜூன்தான், பதினைந்தாம் தேதி. பதிவேட்டில் ஜான்-பிலிப் ஸ்மெட். அங்கே பிரெஞ்சுக்காரன் வைத்த பிறப்புப் பதிவு உண்டு, குழந்தை பிறந்த மணிகூட அதில் இருக்கும். இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் வேறு கணக்கைப் பார்த்தேன். பணிப்பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பேருக்கு மே, ஜூன். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில், பையனுக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் போதும், வாத்தியார் ஒரு ஜூன் தேதியை எழுதிவிடுவார். வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நமக்கு நட்சத்திரம்தானே கணக்கு.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், இந்த ஊர்க்காரர், காமாட்சியம்மன் கோயில் சிவராத்திரித் திருவிழா அன்று பிறந்தவர். அவருடைய அம்மா அதைச் சத்தியமாகச் சொல்வார். வருஷம் 1949. பதிவேட்டிலோ 1948 ஜூன். எட்டு மாத சர்வீஸ் போயிற்று. தேதியைத் திருத்தக் கேட்பதானால் வேலையில் சேர்ந்து ஐந்து வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்பது விதி. அவர் கேட்டது இருபதாவது வருஷம். 'விதிப்படி ஏற்க இயலாது' என்று குறிப்பு எழுதியவன் நான்தான். எழுதிவிட்டு மத்தியானம் அவர் கொண்டுவந்த சாப்பாட்டில் பங்கு போட்டுச் சாப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவருக்குப் பாவலர் வரதராஜன் பாட்டென்றால் உயிர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்ப் பாடிய அந்தக் குழுவில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையனாக ராஜா இருந்ததை நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்வார். அப்போது இவருக்கே ஒன்பது வயதுதான், எல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டது.

2006 ஜூனில் ஓய்வு பெற்றார். சால்வை போட்டு அனுப்பிய அன்று வெளி வராந்தாவில் நின்றுகொண்டு, ராஜா தேதி மாற்றிக்கொண்ட கதையை அவரே எடுத்தார். "அவரு ஒரு நாளைச் சும்மா தூக்கிக் கொடுத்தாருய்யா. எங்கிட்ட எட்டு மாசத்தைக் கேக்காமயே எடுத்துக்கிட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சிரிக்க வரவில்லை.

போன வருஷம் மார்ச் 8, 2025-இல் லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது அவரிடம் சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடியது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. இறப்புச் சான்றிதழிலும் ஜூன் கணக்கு வயதுதான் இருக்கிறது.