முன்கண்ணாடியில் மோதும் காற்றுத்தாரை

டேஷ்போர்டின் குறுகிய திறப்புகளிலிருந்து வாகனத்தின் சாய்ந்த முன்கண்ணாடி மீது வீசும் காற்று மோதுதாரை வகையைச் சேர்ந்தது. பார்வையை மறைக்கும் நீர்ப்படலத்தை நீக்குவது இதன் வேலை.

தாரை கண்ணாடியில் மோதும் இடத்தில் காற்று தேங்கி, பக்கங்களில் பிரிந்து ஓடும். அங்கே மேற்பரப்பை ஒட்டிய காற்றடுக்கு மிக மெல்லியது. வெப்பக் கடத்தல் உச்சத்தில் இருக்கும். விலக விலக அடுக்கு தடித்து, கடத்தல் குறையும். பரப்பு சாய்ந்திருந்தால் உச்சப்புள்ளி, தாரையின் மையக்கோடு தொடும் இடத்தைவிட்டு, திறப்புக்கு நெருங்கிய பக்கமாக நகரும். கோல்ட்ஸ்டீனும் ஃபிரான்செட்டும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. காற்றின் பெரும்பகுதியோ எதிர்ப்பக்கமாக, அதாவது கண்ணாடியில் மேல்நோக்கி ஓடும். கண்ணாடி முதலில் கீழ்விளிம்பில் தெளிந்து, பிறகு மேலே விரிவது இதனால்தான்.

குளிர்நாடுகளில் உருவான பாடங்கள் உறைபனியை உருக்குவதைப் பற்றியே அதிகம் பேசும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அது பயன்படாத அறிவு. சங்கராபரணியும் பாகூர் ஏரியும் வயல்களும் கடலும் அருகருகே உள்ள இப்பகுதியில் சிக்கல் ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த துணியோடு நாலு பேர் ஏறி, கதவை அடைத்து, உள்காற்றையே சுழலவிட்டால் கண்ணாடி உட்புறம் பனி பிடிக்கும். வெளிக்காற்றைத் திறந்து, ஏசியைப் போட்டு, வெப்பநிலையைக் கூட்டிக் கண்ணாடிப் பக்கம் திருப்புவதே சரியான வழி. ஏசியின் குளிர்ச்சுருள் காற்றின் ஈரத்தை நீராக்கி வண்டிக்கு அடியில் சொட்டவிடுகிறது. உலர்ந்த காற்று சூடேறிக் கண்ணாடியை அடைகிறது.

சூடாக்காமல் குளிர்காற்றையே கண்ணாடியில் பாய்ச்சினால் வேறொரு தொல்லை வரும். வெளியே 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்ததும் வெளிப்புறத்தில் படலம் படியும்; தாரை வலுவாக மோதும் கீழ்ப்பட்டையில் முதலில். உள்ளிருந்து துணியால் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. ஓட்டுநர்கள் பலர் இதை உட்புறப் படலம் என்றெண்ணிக் குளிரை மேலும் கூட்டுவது நிலைமையைக் கெடுக்கும். வைப்பரை ஓட்டி, தாரையை முகத்துக்கோ காலுக்கோ திருப்பினால் போதும்.

ஏசி இல்லாத வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் பக்கவாட்டைத் திறந்து, உள்ளே சேர்ந்த ஈரக்காற்றை வெளியேற்றுவதே வழி. மழைச்சாரலில் நனையத் தயாராக இருந்தால்!