ஊசியும் உழைப்பும்: யாழ்ப்பாணத் தையல் வரலாற்றில் ஒரு நோக்கு

ஆடையின் வரலாறு பெரும்பாலும் உடுத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தைத்தோர் அதிற் பேசப்படுவதில்லை. யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியை அண்டியுள்ள அரியாலை முதலிய ஊர்களின் தையற் பெண்களை நோக்கின், துணியின் இயல்பு மாறியபோது உழைப்பின் களமும் மாறியமை புலனாகும்.

வேட்டியும் சேலையும் வெட்டாது உடுக்கப்படுவன. ஆதலின் பழைய யாழ்ப்பாணத்தில் தையலுக்குரிய இடம் சிறிதே. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. 1877 இல் சிங்கர் நிறுவனம் இலங்கையிற் கால்பதித்தது. காலால் மிதித்து இயக்கும் தையல் இயந்திரம் நாளடைவில் வீட்டு விறாந்தைக்கு வந்தது. பருத்திச் சட்டைக்கு அதுவே போதும். வீட்டிலிருந்தே பொருளீட்டும் வழியும் பெண்ணுக்குப் பிறந்தது.

இழுபடும் துணி இந்நிலையை மாற்றியது. 1958 இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் யோசெப் சிவேர்ஸ் உருவாக்கிய மீள்தன்மை இழை, லைக்ரா என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பின்னல் துணி கண்ணிகளால் ஆனது. கூரிய ஊசி கண்ணியை அறுக்கும்; முனை உருண்ட ஊசி அதனை விலக்கிச் செல்லும். சாதாரண நேர்த்தையல் துணியோடு நீளாது அறுந்துவிடும். ஓவர்லொக் தையலோ நீண்டு மீளும். மென்துணி நழுவிச் சுருங்கும் இயல்பினது. இத்தகைய துணிகளைப் பெருந்தொகையாகத் தைப்பதற்கு மின்னால் இயங்கும் பல்வகை இயந்திரங்கள் வேண்டும். இவை வீட்டு விறாந்தைக்கு அடங்காதவை.

1977 இன் திறந்த பொருளாதாரமும் 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க வர்த்தக வலயமும் ஆடைத்தொழிலைத் தெற்கில் வளர்த்தன. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் திட்டம் கிராமங்களை நாடியபோது, குடாநாடு போருள் அகப்பட்டிருந்தது. 1990 இலேயே அங்கு மின்சாரம் அற்றுப்போனது. கால்மிதி இயந்திரமே கைகொடுத்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அதனையும் தூக்கிச் செல்ல எல்லோர்க்கும் இயலவில்லை.

2009 இன் பின், அதே கண்டி வீதியிலுள்ள கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ‘விடியல்’, ‘வானவில்’ தொழிற்சாலைகள் எழுந்தன. வடபுலப் பெண்கள் பலர் மாதச் சம்பளம் பெறலாயினர். இது மறுக்கவியலாத நன்மை. ஆயினும் தொழிற்சாலை வரிசையில் ஒருத்தி நாள் முழுவதும் தைப்பது ஆடையின் ஒரு பகுதியை மட்டுமே. அளந்து, வெட்டி, முழுச் சட்டையையும் முடித்துக் கொடுத்த பழைய அறிவுக்கு அங்கு இடமில்லை.

அவ்வறிவு ஏடுகளில் இல்லை. மூதாட்டியரின் கைகளிலேயே உள்ளது. அவர்கள் வாழுங்காலத்திலேயே அதனைப் பதிவு செய்தல் வரலாற்று மாணவரின் கடனாகும்.