கருவுறுதலின் தொடக்க அறிகுறிகள்

மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போவதே கருவுறுதலின் முதல் தெளிவான அறிகுறி. மன உளைச்சல், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றாலும் நாள் தள்ளலாம் என்பதால் அதை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. மார்பகக் கனமும் வலியும், காரணமில்லாத அசதி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவையும் தோன்றும். சிலருக்கு லேசான இரத்தக்கசிவு இருக்கும். அதை மாதவிடாய் என்று எண்ணிவிடுவதுண்டு. திரைப்படங்கள் முதலில் காட்டும் வாந்தி, உண்மையில் பெரும்பாலும் கடைசி மாதவிடாயிலிருந்து 6ஆம் வாரத்தை ஒட்டியே தொடங்குகிறது. சிலருக்கு மசக்கையே இராது. நாடி பிடித்துச் சொல்வதும் நம்பத்தக்கதன்று.

கரு கருப்பையில் பதிந்தபின் சுரக்கும் எச்.சி.ஜி. இயக்குநீரைச் சிறுநீர்ச் சோதனை காட்டுகிறது. நாள் தள்ளியபின் காலையின் முதல் சிறுநீரில் செய்வது நல்லது. அடிவயிற்றில் ஒருபக்கக் கடும்வலியும் இரத்தப்போக்கும் கருக்குழாய்க் கர்ப்பத்தால் நேரலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.