முதல் உலகப் போரின் வெடியுப்புப் போட்டியும் சிவகாசித் தொழிலும்

சிவகாசி, திருத்தங்கல், நாரணாபுரம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் அன்றாடம் புழங்கும் மூலப்பொருள் வெடியுப்பு. வேதியியலில் இதன் பெயர் பொட்டாசியம் நைட்ரேட். திரியில் எரிவதும், ராக்கெட்டை மேலே தள்ளுவதும் இதன் கலவையே. நூறாண்டுகளுக்கு முன் நைட்ரேட் உப்புகளுக்காக வல்லரசுகள் கடற்போர் நடத்தின. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் படைபலத்தைப் போலவே மூலப்பொருளும் வெற்றி தோல்வியை முடிவு செய்தது. அந்தப் போட்டியின் பாதிப்பு சென்னைக் கடற்கரை வரை வந்தது. கரிசல் மண்ணில் ஒரு புதிய தொழில் பிறப்பதற்கும் அது மறைமுகக் காரணமாயிற்று.

வெடியுப்பின் பயன்

எந்தப் பொருளும் எரிய ஆக்சிசன் வேண்டும். மூடிய குழாய்க்குள் காற்று புகாது. அங்கே ஆக்சிசனைத் தருவது வெடியுப்பு. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது கருமருந்தின் பழைய கணக்கு.

இந்தியாவில் வெடியுப்பு பெரும்பாலும் பீகாரில் கிடைத்தது. மாட்டுத் தொழுவங்களிலும் பழைய மண் சுவர்களிலும் பூக்கும் உப்பு மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். நூனியர் என்ற சமூகத்தார் இத்தொழிலைச் செய்தனர். பிளாசிப் போர் முடிந்த மறு ஆண்டே, 1758இல், கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையைப் பெற்றது. நெப்போலியனுடன் நடந்த போர்களில் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு இந்த உப்பு பெரிதும் உதவியது.

சிலி நாட்டு உப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் சோடியம் நைட்ரேட் மலைபோல் கிடந்தது. அதற்காகச் சிலி நாடு, பெரு, பொலிவியா ஆகிய இரண்டுடனும் 1879இல் போரிட்டு அந்த நிலப்பகுதியைக் கைப்பற்றியது. சிலி உப்பு ஈரத்தை இழுக்கும் தன்மையுள்ளது. எனவே துப்பாக்கிக் கருமருந்துக்கு அது அவ்வளவாக ஏற்றதல்ல. ஆனால் அதிலிருந்து நைட்ரிக் அமிலம் எடுக்கலாம். அந்த அமிலம் இல்லாமல் டிஎன்டி, நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு ஆகிய புதிய வெடிபொருள்களில் ஒன்றும் இல்லை. வயலுக்கு உரமாகவும் அதே உப்பு சென்றது.

சிலி உப்பையும் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபர்ட் சுரங்கத்துப் பொட்டாஷையும் சேர்த்து ஐரோப்பியர் மலிவாக வெடியுப்பு செய்யத் தொடங்கினர். பீகார் தொழில் நலிந்தது. 1914இல் போர் மூண்டு ஜெர்மன் பொட்டாஷ் வருவது நின்றதும், கைவிடப்பட்ட பீகார் உப்புக்கு மீண்டும் கிராக்கி வந்தது. போர் முடிந்ததும் அந்தக் கிராக்கி நிலைக்கவில்லை. உப்பு மண் சுரண்டியவர்களின் பிழைப்பு எங்கோ நடந்த போரோடு ஏறி இறங்கியது.

கடலில் நடந்த போட்டி

ஜெர்மனிக்கு வேண்டிய நைட்ரேட் சிலியிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். பிரிட்டிஷ் கடற்படை அந்த வழியை அடைத்தது. 1914 நவம்பர் 1ஆம் நாள் சிலியின் கொரோனல் கடற்கரைக்கு அப்பால், அட்மிரல் ஸ்பீயின் ஜெர்மன் கப்பல்கள் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. டிசம்பர் 8இல் ஃபாக்லாந்து தீவுகள் அருகே ஸ்பீயின் அணி அழிக்கப்பட்டது. அதன் பின் சிலி உப்பு நேச நாடுகளின் வசமாயிற்று.

ஸ்பீயின் அணியிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல்தான் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. முதல் இலக்கு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். மூன்று லட்சம் கேலனுக்கு மேல் மண்ணெண்ணெய் எரிந்தது. எதிரியின் படையைத் தேடாமல் எதிரியின் சரக்கைத் தேடி அழிப்பது புதிய போர்முறையின் இலக்கணம். நகர மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடினர். துணிச்சலும் தந்திரமும் உள்ளவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கு அன்று வந்தது.

தமிழகத்தின் பிற மூலப்பொருள்கள்

நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசின் கார்டைட் ஆலை நிறுவப்பட்டிருந்தது. கார்டைட் என்பது வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின் முதலியவற்றால் ஆன புகை குறைந்த வெடிமருந்து. கரிசல் உழவருக்குப் பஞ்சு என்றால் நூலும் துணியும்தான். போர் நடத்துவோருக்கு அது வெடிமருந்தின் கச்சாப்பொருளும் ஆகும். ஆகவே 1915 ஆகஸ்டில் பஞ்சையும் தடைசெய்யப்பட்ட போர்ச்சரக்குகளின் பட்டியலில் பிரிட்டன் சேர்த்தது.

அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம் எரிவாயு விளக்கின் வலைகளுக்குத் தேவைப்பட்டது. போர் தொடங்கியதும் அந்தத் தொழில் ஜெர்மானியர் கையைவிட்டு பிரிட்டிஷ் கைக்குப் போனது.

காற்றிலிருந்து நைட்ரேட்

வழி அடைபட்ட ஜெர்மனி வெடிமருந்து இல்லாமல் விரைவில் பணிந்துவிடும் என்று பலர் எண்ணினர். அவ்வாறு நடக்கவில்லை. காற்றிலுள்ள நைட்ரசனை ஐதரசனுடன் சேர்த்து அம்மோனியா ஆக்கும் முறையை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஓப்பாவிலும் 1917இல் லூனாவிலும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. அம்மோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றினால் வெடிமருந்து தயார். உலகுக்கு உணவு பெருக்கும் உரத்தைத் தந்த இதே முறை, போரை நீட்டிக்கவும் உதவியது. சிலியின் நைட்ரேட் ஊர்கள் பின்னர் ஒவ்வொன்றாக வெறிச்சோடின.

சிவகாசியில் தொழில் பிறந்தது

போருக்கு முன் இந்தியாவுக்கு ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாகச் சுவீடனிலிருந்து, தீப்பெட்டிகள் வந்தன. போரால் அந்த வரத்து குறைய, ஜப்பானியத் தீப்பெட்டிகள் சந்தையைப் பிடித்தன. போருக்குப் பின் அரசின் வருவாய்த் தேவைக்காக இறக்குமதி வரி ஏறியது. 1922இல் 144 பெட்டி கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டது. வெளிநாட்டுத் தீப்பெட்டியின் விலை உயர, உள்நாட்டில் செய்வது கட்டுப்படியாயிற்று.

மழை பொய்க்கும் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். 1923இல் ஊரில் தொழில் தொடங்கிற்று. தீக்குச்சி மருந்துக்கு வேண்டிய பொட்டாசியம் குளோரேட்டும் வெடியுப்பைப் போல ஆக்சிசன் தரும் உப்பே. தீக்குச்சியில் பழகிய கைகள் மத்தாப்புக்கும் பட்டாசுக்கும் நகர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வாணங்களின் வரத்து நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற ஆலைகள் பெருகின. ஸ்டாண்டர்ட் நிறுவனம் தொடங்கிய ஆண்டு 1942.

இன்றைய நிலை

முதல் போர் தீப்பெட்டிக்கும், இரண்டாம் போர் பட்டாசுக்கும் சிவகாசி வட்டாரத்தில் இடம் ஏற்படுத்தின. இரண்டு முறையும் கடல்வழி அடைபட்டதே உள்ளூர்த் தொழிலுக்கு வாசல் திறந்தது. ஆனால் மூலப்பொருளை நம்பிய தொழிலுக்கு அந்த வாசல் அடைபடவும் கூடும். காற்று மாசு காரணமாக 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடைசெய்தது. பச்சை ஒளி தரும் பேரியம் நைட்ரேட்டும் அதில் அடங்கும். ஒரு நைட்ரேட் நின்றபோது பல வகைப் பட்டாசுகளும், அவற்றை நம்பிய கூலி வேலையும் சேர்ந்தே நின்றன. சிலியிலும் பீகாரிலும் உப்பெடுத்தவர்கள் நூறாண்டுக்கு முன் கண்டதும் இதுவே. தொழிலைத் தாங்கும் கைகள் ஓரிடத்தில் இருக்க, மூலப்பொருளின் வரவை முடிவு செய்யும் இடம் வேறாக இருந்தது.